பெட்டியில் சுற்றிய சில்வர் பேப்பர்

மாம்புரியில் இசபெல் வீடு எது என்று கேட்டால் எந்த இசபெல் என்று திருப்பிக் கேட்பார்கள். சில்வர் பேப்பர் இசபெல் என்றால் பிறகு கேள்வி இல்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வாசலில் விட்டுவிடுவார்கள். அலுமினியத் தாளுக்கு அந்தக் கரையில் சில்வர் பேப்பர் என்றுதான் பெயர். காற்றாடியைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்கள் தங்கும் ஹோட்டல் ஒன்றில் இசபெலுக்குக் குசினி வேலை. அங்கே ஒரு மீனைச் சுற்றுவதற்குச் சமையற்காரர் ஒரு முழம் தாளைக் கிழிப்பார், பாதியை எறிவார். எறிந்ததை இசபெல் கழுவி, துடைத்து, மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வருவாள். அதைக் களவு என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க அவள் வாய் ஓயாது.

அந்தத் தாளால் அவள் செய்யாத வேலை இல்லை. அடிப்பிடித்த சட்டியா, தாளைக் கசக்கி உருட்டித் தேய்த்தால் முடிந்தது கதை. மொட்டைக் கத்தரிக்கோல் என்றால் தாளை எட்டாய் மடித்து நறுக்கு நறுக்கென்று வெட்ட, கூர் வந்துவிடும். டோர்ச் பற்றாவிட்டால் பற்றரிக்குப் பின்னால் ஒரு துண்டு வைப்பாள். கறுத்துப்போன வெள்ளிக் கொலுசை, தாள் விரித்த கோப்பையில் அப்பச்சோடாவும் கொதிதண்ணீரும் விட்டுப் போட்டு எடுத்தால், வாங்கிய நாளில் இருந்த வெளுப்பு வரும். அதைக் கண்டுவிட்டு அயல்வீட்டுப் பெண்கள் கொலுசும் கையுமாக வந்து நின்றார்கள். மிளகாய்த் தோட்டத்தில் கிளி விழுகிறது என்று ஒருவர் புலம்பியபோது, தாளை நீளநீளமாய்க் கிழித்துக் கயிற்றில் கட்டிவிட்டவளும் அவள்தான். கிளி போனதோ இல்லையோ, தோட்டம் கலியாண வீடு மாதிரிப் பளபளத்தது. ஒருமுறை தேசிக்காய் ஊறுகாயை அதால் மூடிவைத்து, புளி தாளைத் தின்று ஓட்டை போட்டதும் உண்டு. அதைப் பற்றி மட்டும் அவள் கதைக்கமாட்டாள்.

அவளுடைய புருசன் பீற்றர் பலநாள் படகில் தண்டயல். சிலாபத்தில் ஐஸ் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் கரை திரும்ப வாரக்கணக்காகும். படகை நடத்துவது அவன், படகுக்குச் சொந்தக்காரச் சம்மாட்டி இசபெலின் தமையன் பத்திநாதர். பீற்றருக்கு மனைவியின் தாள் பைத்தியம் ஒரு பெரிய பகிடி.

"நான் செத்தாலும் இவள் பெட்டி வாங்கமாட்டாள் மச்சான். சில்வர் பேப்பரில சுத்தித்தான் புதைப்பாள்" என்பான் பத்திநாதரிடம்.

எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்தத் தாளைப் பற்றி என்ன கதைத்தாலும் அவளுக்குப் பெருமைதான்.

வினை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் தொடங்கியது. பூசை முடிந்து பத்திநாதர் தங்கை வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். பீற்றர் வழமைபோலப் படகிலிருக்கிற பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்தான். பலநாள் படகுகளின் மேல்தட்டில் வெள்ளை நிறத்தில் ஒரு பெட்டி பூட்டியிருப்பார்கள். படகு எங்கே நிற்கிறது என்று அது விண்ணுக்குச் சொல்லும். விண்ணில் இருக்கிற செய்மதி கரைக்குச் சொல்லும். எல்லைக்கோட்டைத் தாண்டி மாலைதீவுப் பக்கம் தலையை நீட்டினால், படகு திரும்பி வருமுன்பே துறைமுகத்தில் ஆட்கள் காத்து நிற்பார்கள். மீனோ, கோட்டுக்கு இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று சபதம் எடுத்த மாதிரி அங்கேயே நிற்கிறது.

"கண்ணுக்கு முன்னால பெரிய பெரிய சூரை துள்ளுது மச்சான். நாங்கள் வாயைப் பிளந்து பாத்துக்கொண்டு நிக்கிறம். அந்தச் சனியன் பிடிச்ச பெட்டி மேல இருந்து எங்களைப் பாத்துக்கொண்டு நிக்குது."

இசபெல் சோற்றுக் கையோடு எழுந்தாள். ஹோட்டலில் சமையற்காரர் ஒருநாள் விளையாட்டாகச் செய்து காட்டியது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. இப்படியான ஞாபகங்கள் வராமலே இருந்திருக்கலாம். பீற்றரின் கைத்தொலைபேசியை எடுத்து, சில்வர் பேப்பரை இடைவெளி விடாமல் சுற்றி, விளிம்பை அமத்தி, தமையனுக்கு முன்னால் மேசையில் வைத்தாள்.

"இப்ப அடிச்சுப் பாருங்கோ அண்ணை."

பத்திநாதர் தன் தொலைபேசியில் இலக்கத்தை அமத்தினார். தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு பெண்குரல் மூன்று மொழியிலும் மரியாதையாகச் சொன்னது. பீற்றர் கைதட்டிச் சிரித்தான். பத்திநாதர் சிரிக்கவில்லை. தாள் சுற்றிய தொலைபேசியைக் கையில் எடுத்து, புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"எங்கட ஆக்களில உனக்குத்தான், பிள்ளை, மூளை இருக்கு" என்றார்.

அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு நல்ல சொல் வருவது லேசான காரியமில்லை. சண்டைக்குத் தப்பி வன்னியிலிருந்து உடுத்த உடுப்போடு புத்தளத்துக்கு வந்த காலத்திலிருந்து இசபெலுக்குத் தகப்பனும் தாயும் அவர்தான். முகாமில் தான் பட்டினி கிடந்து அவளுக்குக் கொடுத்தவர். அதை அவளும் மறந்ததில்லை, மறக்க அவரும் விட்டதில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு அவள் முகம் சிவந்து போனது. அவர் எதை நினைத்துச் சொன்னார் என்று அவளுக்கு விளங்கவில்லை என்றால் அது பச்சைப் பொய். விளங்கியது. விளங்காத மாதிரி இருப்பது சுகமாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த பயணத்துக்குப் பீற்றர் இரண்டு முழு உருளை கேட்டான். மீன் சுடவா என்று அவள் கேட்டாள், ஓம் என்றான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கோட்டுக்குக் கிட்டப் போனதும் பெட்டியைத் தாளால் சுற்றி, காற்றுப் பிடுங்காமல் டேப் ஒட்டிவிடுவார்கள். திரும்பி இந்தப் பக்கம் வந்ததும் உரித்து எறிவார்கள். கேட்டால், பற்றரி பழுது, வயர் அறுந்துபோச்சு என்று ஏதாவது ஒன்று. படகு வயிறு முட்ட மீனோடு வந்தது. இசபெல் வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் வந்தது. பத்திநாதர் மூன்றாவது படகுக்கு அச்சாரம் கொடுத்தார். தன்னால்தான் இவ்வளவும் என்று இசபெல் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லையே என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே குறை.

பிறகு தாழமுக்கம் வந்தது. வானொலியில் அறிவித்தார்கள், கடலில் நின்ற படகுகள் ஒவ்வொன்றாய்த் திரும்பி சிலாபத்துக்குள் நுழைந்தன. பீற்றரின் படகு வரவில்லை. படகில் நாலு பேர். பீற்றர், உதவிக்குப் போன இரண்டு பேர், எத்தாளையைச் சேர்ந்த அஃப்ராஸ். நேவி கப்பலும் விமானமும் தேடப் புறப்பட்டன. எங்கே தேடினார்கள்? பெட்டி கடைசியாக எந்த இடத்தைக் காட்டியதோ, அந்த இடத்தைச் சுற்றித் தேடினார்கள். அதாவது, பீற்றர் தாளைச் சுற்றிய இடத்தை. அங்கிருந்து படகு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று தேடினவர்கள் யாருக்கும் தெரியாது. இசபெலுக்குத் தெரியும். பத்திநாதருக்கும் தெரியும்.

காற்றடித்த இரவுக்கு அடுத்த நாள் செய்தி வந்தது. அன்று காலையே அவள் தமையன் வீட்டுக்கு ஓடினாள். வெறுங்கால், தலை வாரவில்லை.

"அண்ணை, அவையள் தேடுறது பிழையான இடம். போய்ச் சொல்லுங்கோ."

"என்னெண்டு சொல்ல?"

"உள்ளதைச் சொல்லுங்கோ. பெட்டியைச் சுத்திப்போட்டு அங்கால போனவை எண்டு சொல்லுங்கோ."

பத்திநாதர் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து அவளைக் கதிரையில் இருத்தினார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஒருவேளை அவள் எதிர்த்து நின்றிருப்பாள்.

"பிள்ளை, நான் சொல்லுறதைக் கேள். சட்டம் முதல்ல பிடிக்கிறது சம்மாட்டியை இல்லை, தண்டயலை. உன்ர வாயால உன்ர புருசனை மறியலுக்கு அனுப்பப் போறியோ? போன தரமும் ரெண்டு நாள் பிந்தித்தானே வந்தவன்? காத்தெண்டு எங்கயாவது ஒரு தீவுக் கரையில ஒதுங்கியிருப்பான். நாளைக்கு வந்து நிண்டு, ஏன் சொன்னனி எண்டு உன்னைத்தான் கேப்பான்."

"வராட்டி?"

"வருவான். ஆர் அவனுக்குத் தொழில் பழக்கினது? நான்." கொஞ்சம் பொறுத்து, குரலை இன்னும் தாழ்த்தினார். "பேப்பர் ஆர் குடுத்தது எண்டும் கேப்பாங்கள், தங்கச்சி."

அந்தக் கடைசி வார்த்தை போதும். இசபெல் எழுந்து வீட்டுக்கு வந்தாள். சட்டியை அடுப்பில் வைத்தாள், இறக்கினாள், திரும்ப வைத்தாள். நெருப்பு மூட்ட மறந்துபோனதைப் பிறகுதான் கண்டாள்.

அன்று பின்னேரம் எத்தாளையிலிருந்து பஸ் ஏறி றிஸ்னா வந்தாள். அஃப்ராஸின் மனைவி. இருபத்தைந்து வயதுகூட இராது. அழுது அழுது கண்மடல் தடித்திருந்தது. தண்ணீர் கொடுத்தாலும் குடிக்கவில்லை.

"அக்கா, உங்கட அவர் தண்டயல்தானே. உங்களுக்கு ஏதாச்சும் தெரிஞ்சிருக்கும் எண்டுதான் வந்தேன். ஒண்டும் செல்லலியா போகக்குள்ள?"

"இல்லை பிள்ளை. எனக்கொண்டும் தெரியாது."

"நேவி தேடுறாங்களாம். பெட்டி காட்டின எடத்திலதான் தேடுறாங்களாம். அப்ப கட்டாயம் கிடைச்சிருவாங்கதானே? பெட்டி பொய் செல்லாதே, அக்கா?"

இசபெல் அவள் தலையைத் தடவிவிட்டாள்.

"ஓம் பிள்ளை. பெட்டி பொய் சொல்லாது."

றிஸ்னா அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் துடைத்தாள், தண்ணீரைக் குடித்தாள், அடுத்த பஸ்ஸுக்கு எழுந்து போனாள். இசபெலுக்கு நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. ஆனால் பிடுங்கவுமில்லை, எழுந்து பின்னால் ஓடவுமில்லை. படகு வந்துவிட்டால் இதெல்லாம் ஒன்றுமில்லாமல் போய்விடும் என்று நினைத்தாள். மனிதருக்குத் தப்ப வழி வேண்டுமென்றால் மனம் எப்படியாவது ஒன்றைத் தேடிக் கொடுத்துவிடும். அடுத்த நாளும் அவள் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்திநாதர் படகு நல்லபடி வரவேண்டும் என்று கோயிலில் விசேஷ பூசை ஒப்புக்கொடுத்தார். ஊரே திரண்டு வந்தது. காணாமல் போனவர்களைத் தேடுகிறவர்களுக்கு ஆண்டவர் வழிகாட்ட வேண்டும் என்று பங்குச் சுவாமி மன்றாடினார். எல்லாரும் சேர்ந்து எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றார்கள். முன்வரிசையில் பத்திநாதர் முழங்காலில் நின்று இரண்டு கையையும் விரித்திருந்தார். கண்ணை மூடி, எல்லாரையும்விட உரத்துச் சொன்னார். அவர் நடிக்கவில்லை, கன்னத்தால் கண்ணீர் ஓடியது. அதுதான் இசபெலுக்குத் தாங்க முடியாமல் போனது. வழி தெரிந்த மனிதன் வழிகாட்டு என்று ஆண்டவரிடம் அழுகிறான். பக்கத்தில் தானும் முழங்காலில் நின்று அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவள் எழுந்தாள். பூசை நடுவில் ஊர் பார்க்க வெளியே நடந்தாள். பின்னால் தமையன் திரும்பிப் பார்த்தாரோ இல்லையோ, அவள் பார்க்கவில்லை. பாலாவிக்கு ஒரு பஸ், அங்கிருந்து சிலாபத்துக்கு இன்னொரு பஸ். பஸ் ஒவ்வொரு ஹோல்ட்டிலும் நின்று நின்று போனது. ஏன் இப்படி ஊர்கிறான் என்று சாரதியை மனதுக்குள் திட்டினாள். இரண்டு நாள் வீட்டில் சும்மா இருந்தவளுக்கு அந்த நேரம் ஒரு நிமிசம் பொறுக்க முடியவில்லை.

துறைமுகத்து அறையில் இருந்த அதிகாரி சிங்களவர். இசபெல் தனக்குத் தெரிந்த ஹோட்டல் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். சொல் வராத இடத்தில் மேசையிலிருந்த கடதாசி ஒன்றை எடுத்து அவருடைய தேநீர்க் கோப்பையைச் சுற்றிக் காட்டினாள். அந்த மனிதர் முதலில் விளங்காமல் பார்த்தார். விளங்கியதும் முகம் மாறியது. ஏசப்போகிறார் என்று அவள் தலையைக் குனிந்தாள். அவர் ஏசவில்லை. தொலைபேசியை எடுத்துக்கொண்டே, "ஏன் நோனா, முதல் நாளே வரவில்லை?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவும் அவருக்கு நேரம் இருக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் படகைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இவ்வளவு லேசாக. இடத்தை மாற்றித் தேடியதும் விமானத்தின் கண்ணில் பட்டுவிட்டது. மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள். அஃப்ராஸ் இல்லை.

பீற்றர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் நடந்ததைச் சொன்னான். உதடு வெடித்து, தோல் உரிந்து, ஆளே பாதியாகிப் போயிருந்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு கதைத்தான்.

"காத்தடிச்ச அண்டு ராவு பெரிய கடல் ஒண்டு குறுக்கால அடிச்சு ஏறினது. ஐஸ் கிடங்கு மூடி கழண்டு அஃப்ராஸ் பெடியன்ர நெஞ்சில விழுந்தது. நான் பாய்ஞ்சுபோய், அறைக்குள்ள இருக்கிற பெட்டியின்ர சிவப்புப் பட்டனை அமத்தினன். ஆபத்தெண்டா அதை அமத்தச் சொல்லித்தானே தந்தவங்கள். விடாமல் அமத்திக்கொண்டு நிண்டன். கரைக்குத் தெரிஞ்சிருக்கும், வந்திடுவாங்கள் எண்டு பெடியனுக்குச் சொன்னன்."

நிறுத்தினான். கையில் உரிந்த தோலைக் கிள்ளி எறிந்தான்.

"பேப்பரை உரிக்கேல்லை, இசபெல். ஒருத்தருக்கும் அந்த நினைப்பு வரேல்லை. பிறகு நினைப்பு வந்து உரிச்சுப் பாக்கேக்க பற்றரி தண்ணிக்குள்ள. மெசினும் இல்லை, ரேடியோவும் இல்லை."

"பெடியன்...?"

"ரெண்டு நாள் இருந்தவன். நல்லாக் கதைச்சவன். வருவாங்கள்தானே அண்ணை, வருவாங்கள்தானே எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவன். ரெண்டாம் நாள் பொழுதுபட முடிஞ்சுது."

கணக்குப் பார்க்க என்ன இருக்கிறது? அவன் வருவார்களா வருவார்களா என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம் அவள் அடுப்பில் சட்டியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள்.

பீற்றர்மேல் வழக்கு வந்தது. பத்திநாதரின் படகுகளைக் கட்டிவைத்தார்கள். அவர் தங்கையோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். கூடப் பிறந்தவளே குடும்பத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று சந்தியில் சொல்லிக்கொண்டு திரிந்தார். மற்றப்பக்கம் ஊரில் பாதிப்பேர் அவளைப் புகழ்ந்து தள்ளினார்கள். புருசன் மறியலுக்குப் போனாலும் பரவாயில்லை என்று துணிந்து போய்ச் சொன்னவளாம். மூன்று உயிரைக் காப்பாற்றியவளாம். சுவாமிகூடப் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அவளைக் காட்டிப் பேசினார். தமையனின் ஏச்சு அவளுக்கு உறைக்கவில்லை. இந்தப் புகழ்தான் உறைத்தது. கடைக்குப் போனால் வழியில் நிறுத்திக் கையைப் பிடிப்பார்கள். கையை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்துவிடுவாள்.

ஒருநாள் காலை அவள் எத்தாளைக்குப் போனாள். கணவனை இழந்த றிஸ்னா இத்தாவில் இருந்தாள். அந்தத் தவணை முடியும்வரை வீட்டைவிட்டு வெளியே வரமாட்டாள். பெண்கள்தான் போய்ப் பார்க்கலாம். வாசலில் அஃப்ராஸின் உம்மா கமறியா இசபெலைக் கண்டதும் இரண்டு கையையும் பற்றிக்கொண்டாள்.

"வாங்க மகள், வாங்க. றிஸ்னா, ஆரு வந்திரிக்கிற எண்டு பாரு. இந்தப் புள்ளதான் போய்ச் செல்லி எங்கட புள்ளட மையித்தக் கொண்டாந்து தந்திச்சி. இல்லாட்டி கடலோட போயிருக்கும். குளிப்பாட்டி, தொழுது அடக்கக் கிடைச்சதே, அல்ஹம்துலில்லாஹ். அல்லாஹ் உங்களுக்கு ரஹ்மத் செய்வான் மகள்."

அறைக்குள் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு றிஸ்னா பாயில் இருந்தாள். இசபெல் பக்கத்தில் போய் இருந்ததும் றிஸ்னா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கமறியா தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள்.

"அக்கா, உங்களுக்கு நான் என்ன செய்யப் போறேன்" என்றாள் றிஸ்னா. "அவர்ட முகத்தக் கடைசியா ஒருக்காப் பாத்திட்டேன். அது உங்களாலதான். உங்களுக்குத் தெரிஞ்ச உடனயே ஓடிப்போய்ச் சென்னீங்களாமே."

இசபெல் வரும்வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டுதான் வந்திருந்தாள். அண்ணன் தடுத்ததை முதலில் சொல்லி, மறியல் பயத்தைப் பிறகு சொல்லி, படகு வந்துவிடும் என்று நம்பியதைச் சொல்லி, அதற்குப் பிறகு மெல்ல மற்றதைச் சொல்லலாம் என்றிருந்தாள். அந்தக் கையின் சூட்டில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"உடன இல்லை பிள்ளை."

"என்ன அக்கா?"

"உடன சொல்லேல்லை. நீ என்னட்டை வந்து கேட்ட அண்டைக்கே எனக்குத் தெரியும். பெட்டி காட்டின இடத்தில அவையள் இல்லை எண்டு தெரிஞ்சுகொண்டுதான் உனக்குப் பொய் சொன்னனான். அந்தப் பேப்பர் வித்தையைக் காட்டிக் குடுத்ததும் நான்தான்."

குசினியில் கமறியா கோப்பை கழுவும் சத்தம் கேட்டது. சீனி எவ்வளவு போடவேண்டும் என்று அங்கிருந்து கேட்டாள். றிஸ்னா கத்துவாள், அடிப்பாள் என்று இசபெல் எதிர்பார்த்தாள். அடிக்கவேண்டும் என்றுகூட விரும்பினாள். றிஸ்னா மடியிலிருந்த அவள் கையை எடுத்து, பாயில் வைத்தாள். நெற்றியைச் சுருக்கி, தனக்குத்தானே எதையோ சரிபார்க்கிற மாதிரி இருந்தாள். பிறகு முகத்தை நிமிர்த்தினாள்.

"நான் உங்கட வீட்டுக்கு வந்த அண்டைக்கு" என்று மெதுவாகக் கேட்டாள், "அவர் ஹயாத்தோட, உசிரோட இருந்தாரா?"

"ஓம்" என்றாள் இசபெல்.